ரட்சகர் பட்டம்

மாமியார் யாரிடம் பேசினாலும் சின்ன மாப்பிள்ளையை "எங்க ரட்சகர்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரியும்.

இருவருமே லிப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனி. போன மாதம் ஜவுளிக்கடை லிப்ட்டில் மாமியார் மாட்டிக்கொண்டார். அந்தக் கடை சின்னவர் பொறுப்பு. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். அன்றைக்குக் கிடைத்த பட்டம்தான் அது.

"அவன் ஒழுங்கா பார்த்திருந்தா லிப்ட் ஏன் நிக்குது? உங்கம்மா வீட்டு லிப்ட்டை நான்தான் பார்க்கிறேன். ஒரு நாள் நின்னிருக்கா?" என்று மனைவியிடம் பொருமினார் பெரியவர்.

"நிக்காத லிப்ட்டுக்கு யாருங்க கும்பிடு போடுவாங்க?" என்று சிரித்தாள் அவள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இவர் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை மாமியார் வீட்டு லிப்ட்டைத் துடைத்தார், எண்ணெய் போட்டார். கிளம்பும்போது கதவிலிருந்த ஸ்க்ரூ ஒன்றைத் தளர்த்திவிட்டார். பெரிய ஆபத்தில்லை. நாலு தடவை ஏறி இறங்கினால் கதவு ஆட்டம் காணும், லிப்ட் பாதியில் நிற்கும். சாயங்காலம் மாமியார் காய்கறி வாங்க இறங்குவார்.

சாயங்காலம் அந்த வீட்டுக்கு எதிர் டீக்கடையில் வந்து உட்கார்ந்தார். வயசானவருக்குப் படபடப்பு ஏதாவது வந்துவிட்டால் என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

போன் அடித்தது. மாமியார்தான். உடனே வரச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

லிப்ட் ஜம்மென்று மேலே கொண்டுபோய் விட்டது. வாசலில் மாமியார். பக்கத்தில் சின்னவர்.

"வாங்க மாப்ளே. லிப்ட் கதவுல ஏதோ கோளாறு இருந்துச்சாம். காலையில நீங்க வந்து கவனிக்கலேன்னா நான் இன்னைக்கு உள்ள மாட்டியிருப்பேனாம். இவர் சொல்லித்தான் தெரியுது. நிஜமான ரட்சகர் நீங்கதான்."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் காபி போட உள்ளே போனார்.

சின்னவர் குரலைத் தாழ்த்தினார்.

"மதியம் அத்தையைப் பார்க்க வந்தேன், கதவு ஆடுச்சு. ஸ்க்ரூ தானா அவ்வளவு கழலாதுண்ணே. முடுக்கிட்டேன். பட்டத்தை நீங்களே வச்சுக்கங்க."