தூக்கத்துக்கு ஒரு யோசனை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளம் தாய்மார்கள் மனம்விட்டுப் பேசுவதற்கென்று வந்த செயலியில் யாழினி ஆலோசகர். அங்கே யாரும் யாருக்கும் பெயர் சொல்வதில்லை. அன்று வந்தவள் எடுத்ததுமே அழுகிற முகத்தைத்தான் அனுப்பினாள்.

“தூங்கியே நாளாச்சுங்க அக்கா. கீழ படுக்க வெச்சா அழுகறான். நேத்துக் கண்ணை இருட்டீட்டு வந்து, குழந்தையோடயே விழப் பார்த்தேனுங்க.”

யாழினி நிமிர்ந்து உட்கார்ந்து தட்டினாள். “ஊட்டுல வேற ஆளே இல்லீங்களா?”

“அவுரு சாயப்பட்டறையில ஷிப்டுங்க. நாத்தனா ஒருத்தி இருக்கறா. எந்நேரமும் ரூமைச் சாத்தீட்டு போனைத் தட்டீட்டே இருப்பா. கேட்டா வேலைங்கறா.”

யாழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் சில ஜென்மங்கள்.

“இனிமே கேக்கவே கேக்காதீங்க. குழந்தைய அவ மடியில போட்டுட்டுப் போய்ப் படுத்துக்குங்க.”

“மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாளுங்க.”

“வெச்சுக்கட்டும். இப்பவே போங்க.”

ஒரு தாயைக் காப்பாற்றிய நிறைவோடு யாழினி ஆறிப்போன டீயை எடுத்தாள்.

அறைக் கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்து, வீறிட்டு அழுத கைக்குழந்தை ரித்தீஷை அவள் மடியில் வைத்தாள்.

“ஆப்புல ஒரு அக்கா சொன்னாங்க கண்ணு. நான் போய்த் தூங்கறேன்.”

யாழினி ஒற்றைக் கையால் தன் மேலாளரை அழைத்தாள்.

“மேடம், நாம எடுத்தோம் கவுத்தோம்னு யோசனை சொல்லக் கூடாதுங்க. அந்த நாத்தனாளுக்கு என்ன கஷ்டமோ, அதையும் கேக்கோணுமுங்க.”