பத்து நிமிடங்களுக்கு முன்பு

வானம் இடிக்கத் தொடங்கியதும், பதினொன்றரை மணிக்கே எங்களை அறைகளிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பட்டாசு ஆலை கேட்டில் போனைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றோம். தூறல் விழுந்தது. பின்னால் நின்ற ஞானஜோதி அக்கா தன் குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

நடிப்பு. நான் ஓரடி முன்னால் தள்ளி நனைந்தபடியே நின்றேன்.

பதினோரு வருஷமாக நாங்கள் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறோம். அறைக்கு நாலு பேர்தான். ஒருத்தி கை பிசகினால் நாலு பேரும் போக வேண்டியதுதான். எதிரில் இருப்பவளை நம்பாமல் அங்கே ஒரு நாள்கூட உட்கார முடியாது.

நான் ஒரு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மருந்துத் தட்டை என் பக்கம் நகர்த்தினால் எதற்கு நகர்த்துகிறாள் என்று கையையே பார்ப்பேன். சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் உள்ளே என்ன ஓடுகிறதோ என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஒரு சமையல் வீடியோ போடுவேன். பெரிதாக ஒன்றுமில்லை. முந்நூறு பேர் பார்ப்பார்கள், பத்துப் பேர் நல்ல வார்த்தை சொல்வார்கள். எனக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். போன மாதம் அதன் கீழே ஒரு கமென்ட் வந்தது.

‘புருஷன் விட்டுட்டுப் போனவ யாருக்குடி ஆக்கிக் கொட்டுற?’

முகமில்லாத எவனோ எழுதியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். மேலே இருந்தது ஞானஜோதி அக்காவின் பெயர். சர்ச் வாசலில் எடுத்த அவளுடைய படம்.

அழித்தேன். அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும்.

இவளுக்கு என்ன குறை? மகள் நர்ஸ். கூடவே இருக்கிற புருஷன். இருந்தும் என் பத்து நல்ல வார்த்தை அவள் கண்ணை உறுத்தியிருக்கிறது. இதில் மறுநாள் மதியம், எதுவுமே நடக்காதது போலக் கருவாட்டுக் குழம்பை என் சோற்றில் ஊற்றுவாள். அதைக் கொண்டுபோய் வேலியோரத்து நாய்க்குக் கொட்டினேன்.

கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். எந்தத் திருடி ஒப்புக்கொண்டிருக்கிறாள்?

ராஜபாண்டியன் அண்ணனிடம் மட்டும் சொல்லி அழுதேன். எங்கள் வாட்ச்மேன். காலையில் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் வைப்பது அவர்தான். சுற்றுவட்டாரத்தில் எங்கே வெடித்தாலும் பெட்டிக்குள் நாற்பது போனும் அலறும். ஒவ்வொன்றாக எடுத்து, நல்லா இருக்காக, பயப்படாதீக என்று எங்கள் வீட்டாருக்குச் சொல்வார். விட்டுப்போன அழைப்புக்கு அவர் திருப்பிப் பேச வேண்டும் என்பதால் நாங்கள் யாரும் போனில் பூட்டுப் போடுவதில்லை.

முன்பெல்லாம் போனை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவோம். இந்த ஒரு மாதமாக நான் தினமும் நின்று பேசுகிறேன். கூட இருக்கிறவர்கள்தான் குழி பறிப்பார்கள் என்று அவரும் ஆறுதல் சொல்வார்.

இன்றும் என் போனைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். அங்கேயே திறந்து பார்த்தேன். மறுபடி ஞானஜோதி அக்கா. இந்த முறை என் மகனையும் இழுத்திருந்தாள்.

பக்கத்தில் நேரம் இருந்தது. பத்து நிமிடங்களுக்கு முன்பு.

பத்து நிமிடங்களுக்கு முன்பு அவள் என்னோடு குழாயடியில் நின்று கையில் ஒட்டிய மருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போன் பெட்டிக்குள் இருந்தது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம்.

அவள் தன் போனை வாங்கும்வரை பொறுத்திருந்து, சைக்கிள் கொட்டகைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நீங்கள் எழுதவில்லைதானே என்று என் போனைக் காட்டினேன்.

அவள் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

அவள் மகள் பியூலா வேலையில் சேர்ந்த அன்று வெள்ளைச் சீருடையில் எடுத்த படம். நான் யார் பக்கத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததும் இல்லை. அதன் கீழே யோகேஸ்வரி என்று என் பெயர். என் முகம். ராத்திரி டியூட்டி பார்க்கிற பிள்ளையைப் பற்றி என் பெயரில் எழுதியிருந்ததை இங்கே சொல்ல மாட்டேன். எந்தத் தாயும் மன்னிக்கிற வார்த்தை இல்லை அது.

தேதியைப் பார்த்தேன். என் வீடியோவுக்கு முதல் கமென்ட் வருவதற்கு மூன்று மாதம் முன்பு.

கேட்டிலிருந்து ராஜபாண்டியன் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் எனக்கென்ன அண்ணன். நாங்கள் முடியைப் பிடித்துக்கொள்வோம், பிறகு ஒவ்வொருத்தியாக வந்து தன்னிடம் நின்று அழுவோம் என்று காத்திருக்கிற முகம். அதற்குத்தான் இத்தனையும். காத்திருக்கட்டும். என் வாயிலிருந்து இனி அவருக்கு ஒரு சொல் கிடைக்காது, பேச வேண்டியதை மேனேஜரிடம் பேசிக்கொள்கிறேன்.

அதற்கு முன் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

“இம்புட்டு நாளா ஏங்க்கா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் நான் யாருக்கு எதுத்தாப்புல உக்காந்து வேல செய்ய, ஆத்தா?”