எட்டு போட்டவள்

பனிச்சறுக்கில் முன்னால் இறங்கியவனின் தடத்தை வெட்டி வெட்டி வளைந்து, சரிவு முழுக்க எட்டு எட்டாகக் கோத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் கைவராது. மரேனுக்குக் கைவந்தது. போன வசந்தத்தில் அமெரிக்காவின் இதே யூட்டா மலையில் பனிச்சரிவில் சிக்கி அவள் இறந்துபோனாள். அவளோடு சறுக்கிவந்த ட்ரெவர் இன்றைக்கும் அந்த எட்டுகளைப் பற்றித்தான் பேசுவான். அவனோடு வாராவாரம் மலையேறும் கெல்சிக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

அன்று காலை ட்ரெவர் முதலில் இறங்கினான். அவன் கீழே போய் நின்ற பிறகு கெல்சி புறப்பட்டு, தட்டுத்தடுமாறிப் பாறையோரமாகவே வந்து சேர்ந்தாள்.

ட்ரெவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "அடிப்பாவி! எப்போடி கத்துக்கிட்ட?"

சரிவின் நடுவே, அவன் தடத்தோடு பின்னிக்கொண்டு உச்சியிலிருந்து அடிவரை எட்டுகள் இருந்தன. கெல்சியின் கோணல் தடம் பாறை மறைவில் தனியாகக் கிடந்தது.

"மரேன்கூட இவ்ளோ அழகா போட்டதில்ல."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கெல்சி இத்தனை நாள் காத்திருந்தாள்.

"உனக்குக் காட்டலாம்னுதான்," என்றாள்.

"இன்னொரு தடவ போடு. வீடியோ எடுக்கறேன்."

மறுபடி ஏறினார்கள். ட்ரெவர் இறங்கி நின்று, போனை உயர்த்திக் கையசைத்தான். கெல்சிக்குக் கால் நகரவில்லை. அவள் பக்கத்தில் பனி இரண்டு கோடுகளாக அழுந்தியது. கோடுகள் சரிவில் இறங்கி, அவன் தடத்தை வெட்டி, வளைந்து, மீண்டும் வெட்டின.

கீழே ட்ரெவர் இரண்டு கைகளையும் விரித்தான்.

"வாடி என் தங்கமே!" என்று அவன் கத்தியது உச்சிவரை கேட்டது. கெல்சி இன்னும் உச்சியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.