கறுத்த விரல்கள்

பந்தலூர் ஸ்டுடியோவில் ஜோவிதா கலர் பிரிண்டை மேசைமேல் திருப்பி வைக்கிறாள். படத்தில் அவள் மகளை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த அவள் விரல்களை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வெளுத்துவிட்டார். "ஏனுங்க, நடிகை கையாட்டம் ஆக்கிக் குடுத்தா வேண்டாங்கிறீங்க?" "அது யாரு கையோ, எனக்கெதுக்குங்கண்ணா? எம்மக ஏழு மாசத்துல பொறந்தவ, பொழைக்காதுன்னாங்க. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள, கழுவியும் கறை போகாத இந்த விரலப் புடிச்சுக்கிட்டுத்தான் பொழைச்சா. இதையே போடுங்க." அவர் முணுமுணுத்தபடி மறுபடி அச்சிடுகிறார். இயந்திரம் உறுமிச் சூடாகப் படத்தைத் தள்ளுகிறது. மஞ்சள் கவுனின் மேல் ஐந்து கறுத்த விரல்கள். ஜோவிதா அதை வாசல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். இடுப்பிலிருக்கும் ஒரு வயது மகள் எட்டி, படத்திலுள்ள விரலைப் பிடிக்கப் பார்க்கிறாள். "பாத்தீங்களா? இவ கண்டுபிடிச்சிட்டா!" கடையே அதிரச் சிரிக்கிறாள் ஜோவிதா.