கறுப்புப் பட்டையில் வெள்ளை மெழுகு

"இன்னைக்கும் இப்படிப் பண்ணிட்டீங்களே அண்ணே!"

பிரஷ்ஷம்மா காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். கார்களுக்கு மெழுகு பாலிஷ் போடும் அந்த ஷெட்டில் எப்போதும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் கையுமாக இருப்பதால் அவளுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர்.

கதவுக்குக் கீழே ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக மெழுகு. பெயின்ட்டில் போட்டால் பளபளப்பு. சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பட்டால் குழிகளில் இறங்கிக் காய்ந்து, சுண்ணாம்பு தெளித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் வெந்நீர், சோப்பு, பிரஷ் என்று அவள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

"பட்டுருச்சும்மா. தேச்சு எடுத்துரு," என்றார் பாலிஷ் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"பட்டை மேல டேப் ஒட்டி மறைச்சிட்டுப் போடலாம்ல?"

"டேப் ஒட்டிப் போட நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவனா?"

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கழுவ மெஷின் வருவதற்கு முன்னால், கார் கழுவும் வேலைக்கு அவள் சேர்ந்த புதிதில், இதே மனிதர்தான் டேப்பே இல்லாமல் நூல் பிடித்த மாதிரி மெழுகு போடுவார். பிளாஸ்டிக்கில் ஒரு பொட்டு விழாது. இப்போது என்ன வந்தது?

கண்ணில் கோளாறா? நேற்றுதான் சட்டைப் பட்டன் தைக்க, ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோத்தார். கை நடுக்கமா? தளும்பத் தளும்ப டீ கிளாஸை எடுத்துக்கொண்டு ஷெட் முழுக்க நடக்கிறார், ஒரு சொட்டுச் சிந்துவதில்லை.

அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறாரா? நான் இவருக்கு என்ன கெடுதல் செய்தேன்?

யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம். வெள்ளை எங்காவது கொஞ்சம் நின்றுவிட்டால் திட்டு அவளுக்கு. வீட்டுக்காரர் போனபிறகு, மகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். இந்த வேலையும் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நேராக முதலாளியிடம் போய்விட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அண்ணன் வேணும்னே பிளாஸ்டிக்குல மெழுகைப் பூசறார் சார். என்னை இங்கேர்ந்து விரட்டணும்னே பண்றார்."

முதலாளி உடனே ஷெட்டுக்கு வந்தார்.

"என்னய்யா இது? கூட வேலை பாக்கறவங்க வந்து சொல்ற அளவுக்கா ஆயிருச்சு உன் வேலை?"

"கை முன்ன மாதிரி இல்ல சார்."

"நாளையிலேர்ந்து டேப் ஒட்டிட்டுதான் மெழுகு டப்பாவைத் திறக்கணும். நானே நின்னு பாப்பேன்."

பாலிஷ் அண்ணன் பிரஷ்ஷம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவசரப்பட்டுட்டியேம்மா," என்றார். அவ்வளவுதான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

மறுநாள் முதலாளி சொன்னபடியே வந்து நின்றார். ஒவ்வொரு காருக்கும் டேப். பட்டையெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. மத்தியானம் வரை பிரஷ்ஷம்மாவுக்கு வேலையே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"நல்ல வேளை, நீ சொன்னம்மா. எனக்கும் ஒரு வழி பொறந்துச்சு."

"என்ன சார்?"

"கழுவற மெஷின் வாங்கினப்பவே உன்னை நிறுத்திரலாம்னு இருந்தேன். இந்த பாலிஷ்காரர்கிட்டகூடச் சொன்னேன். ஆனா அந்த வாரத்துலேர்ந்து பிளாஸ்டிக் பூரா வெள்ளை வெள்ளையா நின்னுச்சு. தேய்க்க ஒரு ஆள் வேணுமேன்னு உன்னை வச்சுக்கிட்டேன். இப்பதான் அந்த வேலையும் இல்லையே. இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. வருத்தப்படாத."

'அவசரப்பட்டுட்டியே' என்றதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாலிஷ் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

முதலாளி தன் அறைப் பக்கம் நடந்தார்.

பாலிஷ் அண்ணன் காரின் அருகே குனிந்தார். ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் நெம்பி, நிதானமாக உரித்தார். டப்பாவிலிருந்து இரண்டு விரல் மெழுகை வழித்து, கறுப்புப் பட்டையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

பிறகு அறையைப் பார்த்துச் சத்தமாகக் குரல் கொடுத்தார்:

"சார்! டேப் நிக்க மாட்டேங்குது, மறுபடியும் பட்டுருச்சு! பிரஷ்ஷம்மா இல்லாம நமக்குச் சரிப்பட்டு வராது சார்!"