காதல் கடிதத்தின் பூர்வீகம்

மாலைக் கல்லூரியில் பழங்கால ரோமானியரின் கடிதங்களைப் படித்துவந்தவள், பாடப்புத்தகத்தோடு வீட்டுக்குள் பாய்ந்தாள்.

“அகப்பட்டீங்களா! ‘நீ இல்லாத வீட்டில் விளக்குகூட அழுது வடிகிறது’ன்னு கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினீங்களே, அது ஒரு ரோமானியர் தன் பெண்டாட்டிக்கு எழுதினது!”

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் அசரவில்லை.

“அடுத்த பக்கத்தைத் திருப்பு.”

திருப்பினாள். முகம் வெளுத்தது. அன்று அவள் அனுப்பிய பதில் அங்கே வரி பிசகாமல் இருந்தது. தோழி எழுதிக் கொடுத்ததை அப்படியே நகலெடுத்திருந்தாள்.

“தெரிஞ்சுமா கட்டிக்கிட்டீங்க?”

“எனக்கேத்த திருடி கிடைச்சா விடுவேனா?”

மடித்த துணியெல்லாம் சரிய இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கல்யாணப் பொண்ணு, ‘உங்கள் கடிதம் கண்டு என் மூட்டுவலி பறந்தது’ன்னு எழுதுவாளா? அது கிழவர் ஒருத்தர் இன்னொரு கிழவருக்கு எழுதினதுடி!”