சுடச்சுட ஓர் ஆட்டுத்தோல்

சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். டாக்டர் ஜிபார் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டால் யார் காலுக்கு ஆபத்தோ!

அக்-தாஷ் ஊரோடு நடந்த கோக்-போரு ஆட்டத்தில், குதிரைமேல் இருந்தபடியே செத்த ஆட்டின் உடலைப் பறிக்கப் பாய்ந்த என் கணவர் ஊலான் குதிரையோடு விழுந்தார். அவர் கால்மேல் குதிரை. முழங்கால் பிசகிவிட்டது. எலும்பு வைத்தியர் ஒரே இழுப்பில் சரியாக்கினார். மாமியார் சாலிகா உடனே ஓர் ஆட்டை அறுத்து, சூடு ஆறாத தோலைத் தொடையிலிருந்து பாதம்வரை சுற்றினார். அடிபட்டால் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

"விரலெல்லாம் மரத்துப்போச்சு" என்றார் ஊலான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் காரைப் பிடித்து நாரின் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் ஜிபார் தோலை உருவி எறிந்தார். காலில் ஒரு கீறல்கூட இல்லை. பாதம் மட்டும் மெழுகாக வெளுத்திருந்தது.

சின்னக் கருவி ஒன்றை நல்ல பாதத்தில் வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது. அடிபட்ட பாதத்தில் வைத்தார். சத்தமே இல்லை.

"முழங்காலுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் உள்ளுக்குள்ளேயே நசுங்கி அடைச்சிருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். நல்ல கால்லேர்ந்து ஒரு துண்டுக் குழாய் வெட்டி இங்கே வச்சுத் தைக்கணும்."

மாமியார் பொங்கிவிட்டார்.

"கெட்ட காலைக் கொண்டுவந்தா நல்ல காலையும் வெட்டுவியா? நீ எந்த ஊரும்மா?"

"அக்-தாஷ்."

"கேட்டியா மருமகளே! தோத்துப்போன கட்சி! என் பிள்ளை இனிமே குதிரையே ஏறக் கூடாதுன்னு பாக்குறா!"

"அம்மா, என்னை அப்புறமா திட்டிக்கலாம். கால் காத்திருக்காது."

மாமியார் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே நான் சம்மதம் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் என் விரலைப் பிடித்து ஊலானின் பாதத்தின்மேல் வைத்தார்.

துடித்தது! நகமெல்லாம் சிவந்திருந்தது. நல்ல காலின் ஒரு துண்டு, செத்துக்கொண்டிருந்த காலுக்குள் ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் நின்றுவிடுமோ என்று நான் எடுக்கவே இல்லை.

டாக்டர் மாமியார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, தோல் சுத்தினீங்களே, உங்க கை நல்ல கை. கால் பிழைச்சுது."

"பாத்தியா!" என்று மாமியார் என்னைத்தான் முறைத்தார்.

வெளியே வந்ததும் டாக்டர் என் காதோரம் சொன்னார்.

"அக்கா, பாதம் குளிர்ந்துபோனதை மறைச்சதே அந்தத் தோல்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலையே எடுத்திருப்போம். இனிமே யார் விழுந்தாலும் முதல்ல ரெண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்க."

"அப்புறம் ஏன் அத்தையை அப்படிப் புகழ்ந்தீங்க? உங்களை என்ன பேச்சுப் பேசினாங்க!"

"பெத்தவங்கக்கா. பிள்ளை காலைத் தன் கையாலேயே கெடுக்கப் பார்த்தோம்னு தெரிஞ்சா, அப்புறம் தூங்குவாங்களா?"

இப்போது ஊரில் எவன் விழுந்தாலும் மாமியார் ஆட்டை அறுக்கக் கத்தியோடு ஓடுகிறார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டியில் இருந்த ஆடுகளையெல்லாம் நாத்தனார் வீட்டுக்கு ஓட்டிவிட்டேன்.